கோடை இரவில் திறந்தவெளி சினிமா: ஏசி தியேட்டர் இருக்கும்போது இது எதற்கு?

கேள்வி: தக்கலை வாசகர், பிப்ரவரி 3

வரும் ஜூலையில் நானும் வீட்டுக்காரியும் ஏதென்ஸ் போகிறோம். மகனுக்கு அங்கே வேலை. வந்ததும் திறந்தவெளி தியேட்டரில் படம் பார்க்கலாம், அதுதான் இந்த ஊர்க் கோடை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். எனக்குப் பிடிபடவில்லை. புழுக்கத்தில் உட்கார்ந்து, கொசுக்கடி வாங்கி, தெருச்சத்தத்துக்கு நடுவே எதற்குப் படம் பார்க்க வேண்டும்? டூரிங் டாக்கீஸ் காலத்தோடு அந்தப் பழக்கம் முடிந்துவிட்டது என்பது என் கருத்து. பார்த்தவர்கள் யாராவது உண்டா?

பிப்ரவரி 3, இரவு 9:40

உண்டு அண்ணாச்சி. எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் பக்கம் ஊர். கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிரேக்க முதலாளிகளின் கப்பல்களில் இருந்ததால் பைரியஸ் துறைமுகமும் அதை ஒட்டிய பெராமா பழுதுபார்ப்புத் தளமும் நன்றாகத் தெரியும். கப்பலை டிரை டாக்கில் ஏற்றிவிட்டால் மாலைப்பொழுது நமக்கு. பைரியஸிலிருந்து ரயில் ஏறித் திசியோ நிலையத்தில் இறங்குவோம். அந்தப் பாதை 1869இல் திறந்தது, இன்றும் ஓடுகிறது. இறங்கி, வண்டிகள் போகாத நடைபாதைத் தெருவில் சிறிது தூரம் நடந்தால் சினே திசியோ. 1935 முதல் இருக்கும் தியேட்டர்.

உள்ளே கூரை கிடையாது. சரளைக்கல் தரை, நாற்காலிகள், ஆங்காங்கே சின்ன மேசை, சுற்றிச் செடிகொடி. நாற்காலியில் இருந்தபடியே விளக்குப் போட்ட அக்ரோபோலிஸை, அந்தப் பழங்கால மலைக்கோட்டையைப் பார்க்கலாம். படம் பாதியில் நிற்கும். எழுந்து போய்ச் சீஸ் வைத்த பணியாரமோ புளிப்புச் செர்ரிச் சாறோ வாங்கிக்கொண்டு வரலாம். வெளிநாட்டுப் படங்களை அவர்கள் டப்பிங் செய்வதில்லை, கிரேக்க எழுத்தைக் கீழே ஓடவிடுவார்கள். அதனால் ஆங்கிலப் படம் ஆங்கிலத்திலேயே கேட்கும்.

மகன் சொல்வது சரி. போய் வாருங்கள்.

பிப்ரவரி 4, காலை 6:15

இரவு அவசரத்தில் எழுதினேன். புழுக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஏதென்ஸ் கோடை நம் கோடை மாதிரி அல்ல. ஜூலை, ஆகஸ்டில் மழை அநேகமாக இருக்காது. காற்றில் ஈரம் குறைவு, வியர்வை உடனே காய்ந்துவிடும். பகலில் 33, 34 டிகிரி சாதாரணம், வெப்ப அலை வந்தால் 40ஐத் தாண்டும். அப்படிப்பட்ட நாளில் ஒன்பது மணிக்கும் சுவர்களிலிருந்து அனல் வரும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வடக்கிலிருந்து மெல்தெமி காற்று இறங்கும் நாட்கள் உண்டு. கடலில் எங்களைப் படாதபாடு படுத்திய காற்று அது. ஊருக்குள் வந்தால் அதே காற்றுதான் சினிமா பார்ப்பவருக்கு வரம்.

கொசு இருக்கிறது. தைலம் கொண்டு போங்கள்.

பிப்ரவரி 4, மதியம் 1:05

எந்தக் காட்சிக்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக இரண்டு காட்சி. முதலாவது ஒன்பது மணி வாக்கில், அடுத்தது பதினொன்றை ஒட்டி. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறையவே 8:50 ஆகிவிடும். ஜூலையிலும் பெரிய மாற்றமில்லை. அதனால் முதல் காட்சியின் ஆரம்பம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். இரண்டாம் காட்சியில் இருட்டும் நன்றாக இருக்கும், சூடும் தணிந்திருக்கும். ஆனால் ஒலியைக் குறைத்துவிடுவார்கள். சுற்றி வீடுகள், ஜன்னல் திறந்து தூங்குகிறவர்கள். இன்னொன்று, வார நாட்களில் ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். மகனிடம் வண்டி இருந்தால் இரண்டாம் காட்சி, இல்லாவிட்டால் முதல் காட்சி.

பிப்ரவரி 6, இரவு 10:20

ஒலியைக் குறைப்பது பற்றி எழுதியதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது.

முதன்முதலில் இரண்டாம் காட்சிக்குப் போனபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. காசு கொடுத்து வந்தவனுக்கு வசனம் கேட்க வேண்டாமா என்று பக்கத்திலிருந்த கிரேக்கப் பெரியவரிடம் கேட்டேன். அவர் மேலே கையைக் காட்டினார். நாலாவது மாடி பால்கனியில் ஒரு பாட்டி, விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலி போட்டு அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு டிக்கெட் கிடையாது, தியேட்டர்மேல் புகாரும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் காது பழகிவிட்டது. கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது சின்ன ஒலி போதுமானதாக இருக்கிறது. நம் ஊரில் நான் அறிந்திராத ஒரு அமைதி அது.

1960களில் ஏதென்ஸில் இப்படி நூற்றுக்கணக்கில் தியேட்டர்கள் இருந்தன. டிவி வந்தது, மனையின் விலை ஏறியது, ஒவ்வொன்றாக இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். 1990களில் அரசு விழித்துக்கொண்டு, எஞ்சியவற்றில் பலவற்றைப் பாதுகாக்கப்பட்ட இடங்களாக அறிவித்தது. அப்படி அறிவித்த மனையில் வேறு கட்டடம் எழுப்புவது லேசில்லை. காலம் போய்விட்டதால் திறந்தவெளி சினிமா தானாக அழிந்தது என்று அண்ணாச்சி நினைக்கிறீர்கள். அந்த ஊரில் அதை அழித்தது மனை விலை, காப்பாற்றியது சட்டமும் அக்கம்பக்கத்தின் இணக்கமும். நம் ஊரிலும் இதைச் சும்மா முடிந்துபோன கதையாக விட எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 7

பாரிஸிலிருந்து எழுதிய தேங்காப்பட்டணத்துத் தம்பிக்கு: லா வில்லெத் பூங்காவின் புல்வெளி சினிமா பற்றிச் சொன்னதற்கு நன்றி. நான் அங்கே போனதில்லை. 1990இல் தொடங்கியது, ஜூலை, ஆகஸ்டில் பெரிய திரை கட்டிப் படம், சாய்வு நாற்காலி வாடகைக்கு என்று படித்திருக்கிறேன். நீங்கள் சொன்ன குறை நியாயமானது. ஜூன் கடைசியில் பாரிஸில் சூரியன் மறைவது பத்து மணிக்கு. அதற்குப் பிறகு இருட்டிப் படம் தொடங்கி, முடிந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர ஒரு மணி. அடுத்த நாள் வேலைக்குப் போகிறவருக்குக் கஷ்டம்தான். போர்வை கொண்டு போகச் சொன்னீர்களே, அண்ணாச்சி அதைக் குறித்துக்கொள்ள வேண்டாம், ஏதென்ஸில் தேவைப்படாது.

பிப்ரவரி 7, பின்னிரவு

தம்பியின் கணக்கைப் படித்தபின் தூக்கம் வரவில்லை.

பாரிஸ் கிட்டத்தட்ட 49 டிகிரி வடக்கு. ஏதென்ஸ் 38. நாம் 8. நமக்குக் கோடையிலும் ஆறரைக்குச் சூரியன் விழுந்துவிடும். அந்தியும் நீளாது, கீழே போன சூரியன் நேராக இறங்கிவிடும். ஏழு, ஏழேகாலுக்கு நல்ல இருட்டு. நம் நாட்டு ஒலி விதிகள் 2000இல் வந்தவை. அவற்றின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஏழேகாலுக்குத் தொடங்கினால் இரண்டரை மணி நேரப் படம் முழுசாகவே பத்துக்குள் முடியும். பாரிஸ்காரருக்குப் பத்து மணிக்குத்தான் மாலை. நமக்குப் பத்து மணிக்குள் படமே முடிந்து பாத்திரம் கழுவியாகிவிடும். பிள்ளைகள் தூங்குவதற்குள் திறந்தவெளியில் ஒரு முழுப் படம் பார்க்கும் வசதி அந்தப் பெரிய நகரங்கள் எதற்கும் கோடையில் இல்லை. நமக்கு இருக்கிறது, நாம் பயன்படுத்தவில்லை.

பிப்ரவரி 9

மார்த்தாண்டத்து வாசகர் ஒருவர், பெரிய நகரம் என்று ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும், திருவனந்தபுரம் இருக்கிறதே என்கிறார். உண்மை. கனகக்குன்னு வளாகத்து நிசாகந்தி அரங்கு நமக்குப் பக்கம். ஆனால் அங்கே கேரளத் திரைப்பட விழா நடப்பது டிசம்பரில். இரவு இதமாக இருக்கும், வடகிழக்குப் பருவமழையின் வால் எப்போது வீசும் என்று சொல்ல முடியாது. கூட்டத்தோடு வானத்தின் கீழ் உட்கார்ந்து வெளிநாட்டுப் படம் பார்க்க நம் ஆட்களுக்கு அதைவிட அருகில் இடமில்லை. ஒருமுறையாவது போகலாம். கோடைக்கு அது விடையல்ல, அவ்வளவுதான்.

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த டிரைவ்-இன் பற்றியும் கேட்டார். கார் வைத்திருந்தவர்களுக்கு நல்ல அனுபவம். 1933இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தொடங்கிய ஏற்பாடு அது. எனக்குக் கண்ணாடிக்குள் இருந்து பார்ப்பதில் பிடிப்பில்லை. பக்கத்தில் இருப்பவன் சிரிப்பது கேட்க வேண்டும்.

பிப்ரவரி 12, இரவு

டூரிங் டாக்கீஸ் பேச்சு வந்துவிட்டது, தவிர்க்க முடியாது.

1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே ஊழியர், திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். தமிழ்நாட்டில் சினிமா ஊர் ஊராகப் பரவியது கூடாரத்தில்தான். என் பாட்டா சொல்லும் கொட்டகை, மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவது, ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற நாலைந்து இடைவேளை. ஒவ்வொரு இடைவேளையிலும் கடலையும் சோடாவும் விற்பார்கள்.

எனக்கு நினைவு தெரிந்து எங்கள் பக்கம் கோயில் கொடையிலும் கோயில் திருவிழாவிலும் 16 மி.மீ. படம் போடுவார்கள். முதல் கோயில் அம்மன் கோயில், இரண்டாவது வேதக்கோயில், அதாவது சர்ச், இரண்டையும் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். திரைக்கு இரண்டு பக்கமும் ஜனம் உட்காரும். பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு எழுத்து தலைகீழாக இல்லை, இடம்வலம் மாறித் தெரியும். கதாநாயகன் இடது கையால் அடிப்பான். எந்தக் குறையும் இல்லாமல் பார்த்தோம்.

அதற்கும் முன்னால் இதே மைதானங்களில் விடிய விடிய வில்லுப்பாட்டு. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனே வில்லுப்பாட்டிலிருந்து தொடங்கியவர். வெட்டவெளியில் உட்கார்ந்து கதை கேட்கும் பொறுமை இந்த மாவட்டத்து ஜனத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த நாட்களில் எங்களுக்குத் தொந்தரவாகத் தோன்றாத ஒன்று இப்போது தோன்றுகிறது: குழாய் ஒலிபெருக்கி. பனைமரத்தில் கட்டிய குழாய் மூன்று ஊருக்குக் கேட்கும். ஜனம் திறந்தவெளிக் காட்சியை வெறுக்கத் தொடங்கியதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். மீதி, சோடியம் விளக்கும் எல்.இ.டி. விளக்கும் எரியாத ஒரு மைதானம் கிடைக்காமல் போனது.

பிப்ரவரி 15

குளச்சல் அக்கா கேட்டது: பள்ளி விடுமுறையில் மறைக்கல்விப் (வேதபாட வகுப்புப்) பிள்ளைகளுக்குக் கோயில் மைதானத்தில் படம் போட அன்பியத்தில் (சர்ச் மக்களின் சிறு குழுவில்) பேசியிருக்கிறோம், எது வாங்க வேண்டும், எது வாடகைக்கு எடுக்கலாம்?

அக்கா, வாங்க வேண்டாம். 3,000 லுமன்ஸ் (வெளிச்ச அளவு) புரொஜெக்டர் வாடகைக்குக் கிடைக்கும். 20 அடி அகலம், 11 அடி உயரத் திரைக்கு அது போதும். சதுர அடிக்குச் சுமார் 14 லுமன்ஸ் வருகிறது, தியேட்டர்களுக்கு வைத்திருக்கும் அளவும் ஏறக்குறைய அதுதான். ஆனால் இருட்டு இருந்தால்தான் இந்தக் கணக்கு. நிலாவுக்குப் பயப்படாதீர்கள், பௌர்ணமியே கால் லக்ஸ் வெளிச்சம்தான் தரும். மைதானத்து மூலையில் நிற்கும் தெருவிளக்கின் கீழே பத்து லக்ஸ் வந்துவிடும், அது திரையில் விழுந்தால் கறுப்பெல்லாம் சாம்பல். விளக்கை அணைக்க அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் திரையை அதற்கு முதுகு காட்டி நிறுத்துங்கள்.

படம் தேர்ந்தெடுக்கும்போதும் இதை யோசியுங்கள். இருட்டுக் காட்சிகளாகவே போகும் படம் வெளியில் எடுபடாது. வெயிலில் எடுத்தவை, பாட்டும் சிரிப்பும் உள்ளவை, பளிச்சென்ற கறுப்பு வெள்ளைப் படங்கள், இவை நன்றாக நிற்கும்.

பிப்ரவரி 15, இரவு 11:00

ஒலி பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் காட்சி நடப்பதும் நின்றுபோவதும் இதில்தான்.

ஒரு பெரிய பெட்டியை முன்னால் வைத்துக் கத்தவிடாதீர்கள். தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபல் குறையும். நாலு மீட்டரில் இருக்கும் பிள்ளைக்கும் 32 மீட்டரில் இருக்கும் பாட்டாவுக்கும் 18 டெசிபல் வித்தியாசம். பாட்டாவுக்குக் கேட்கட்டும் என்று கூட்டினால் முன்வரிசைப் பிள்ளையின் காது போகும், பக்கத்துத் தெருவும் எழுந்துவிடும். சின்னப் பெட்டிகளாக நாலு வாடகைக்கு எடுத்து ஓரங்களில் கூட்டத்தைப் பார்த்து, தாழ்வாக வையுங்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். அதனால் 34 மீட்டர் பின்னால் வைக்கும் பெட்டிக்குப் பத்தில் ஒரு நொடி தாமதம் கொடுக்க வேண்டும், ஒலி மிக்சர் கருவியில் அந்த வசதி இருக்கும். கொடுக்காவிட்டால் எதிரொலி மாதிரிக் குழம்பும்.

அப்புறம் திசை. திரையைக் கரைப்பக்கம் நிறுத்தி, ஜனம் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், பெட்டிகள் கடலைப் பார்த்துப் பேசும், வீடுகளைப் பார்த்துப் பேசாது. நம் கரையில் இது முக்கியம். விடியலுக்கு முன் வள்ளம் தள்ளுகிறவர்கள் ஒன்பதுக்கே படுத்துவிடுவார்கள். அவர்கள் தூக்கத்தைக் கெடுத்து நாம் சினிமா பார்க்கக் கூடாது.

பிப்ரவரி 18

மேலே சொன்ன திசையில் ஒரு சிக்கல் இருப்பதை ஆரல்வாய்மொழி வாசகர் சுட்டிக்காட்டியிருக்கிறார். மாலையில் கடல்காற்று நேராகத் திரையில் மோதும். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர், அவர் பேச்சைக் கேட்கத்தான் வேண்டும். 20 அடித் திரை பாய்மரம் மாதிரி. மணிக்கு 30 கி.மீ. காற்றில் நூறு கிலோவுக்கு நெருக்கமான தள்ளு அதன்மேல் விழும். ஆனாலும் நான் திசையை மாற்றச் சொல்ல மாட்டேன். முன்னாலிருந்து வரும் காற்று துணியைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும், ஜனத்தின் பக்கம் ஊதிப் புடைக்காது. சட்டத்தின் பின்னால் இரண்டு பக்கமும் சாய்வுக் கம்பு கொடுங்கள். துணியைக் கயிற்றால் விறைப்பாகக் கட்டாதீர்கள், கண்ணிக்குக் கண்ணி சைக்கிள் டியூப் துண்டு போட்டுக் கட்டுங்கள். அடித்தால் நீளும், விட்டால் சுருங்கும், கிழியாது. கப்பலில் தார்ப்பாய் கட்டியவன் சொல்கிறேன்.

உப்புக்காற்று லென்ஸில் படியும். இடைவேளையில் மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும்.

பிப்ரவரி 21

தேதி. இதில்தான் அக்காவின் பங்குப் பேரவையில் (சர்ச் ஆலோசனைக் குழுவில்) சண்டை போலிருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. மழை குறைந்த மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். வானத்தைக் கேட்டால் மாசி, பங்குனிதான் என்று சொல்லும். ஆனால் அப்போது பிள்ளைகளுக்குப் பரீட்சை, கோயிலில் தவக்காலம். ஏப்ரல், மே விடுமுறை, ஆனால் மதியத்துக்குப் பிறகு மலைப்பக்கம் மேகம் கட்டி மாலையில் இடியோடு இறங்கும். ஜூன் முதல் தேதி வாக்கில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன், ஜூலை, ஆண்கள் கரையில் இருக்கும் மாதங்கள் அவைதான், அப்போது பார்த்து மழை கொட்டும். வருத்தமான பொருத்தம்.

என் யோசனை: உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) அடுத்த வாரம். மழை வந்தால் பங்கு மண்டபத்துக்குள் மாற்ற இடம் வைத்துக்கொண்டு வெளியில் திட்டமிடுங்கள். இடி கேட்டால் காத்திருக்க வேண்டாம், இரும்புச் சட்டத்தின் பக்கத்திலிருந்து முதலில் பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் ஈசல் கிளம்பி நேரே புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு வரும். கொஞ்சம் தள்ளி, திரைக்கு எதிர்த்திசையில் ஒரு வெள்ளை பல்பு போட்டுவைத்தால் கொஞ்சம் அங்கே போகும்.

பிப்ரவரி 22

அண்ணாச்சி, "நீங்கள் ஏதென்ஸிலிருந்து குளச்சலுக்கு வந்துவிட்டீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம். ஆனால் ஏதென்ஸில் நீங்கள் பார்க்கப் போவதும் இதுதான். அந்தச் சரளைத் தரையில் உட்காரும்போது ஒலி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, சுற்று விளக்குகளை எப்படி மறைத்திருக்கிறார்கள், பால்கனிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பூசணி விதை விற்பார்கள், படம் முழுக்கக் கொறிக்கலாம். திரும்பி வந்து இங்கே எழுதுங்கள், எங்களுக்கு உதவும்.

மார்ச் 1

அக்காவுக்கு இன்னும் இரண்டு விஷயம். கடையில் வாங்கிய டிஸ்க்கோ ஓடிடி கணக்கோ வீட்டில் பார்க்கத்தான். பொதுவில் காட்ட உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். இலவசக் காட்சி என்பதால் விதிவிலக்கு கிடையாது. தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது, அதனால் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் வருவாய் அலுவலகத்திலும் முன்கூட்டியே மனு கொடுத்து என்ன தேவை என்று கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

சாப்பாட்டுக்குச் சுக்குக் காப்பியும் ரசவடையும் போதும். அக்கானி (பதநீர்) கிடைத்தால் நல்லது, ஆனால் காலையில் இறக்கியது மாலைவரை நிற்காது. சரசரக்கும் பிளாஸ்டிக் பாக்கெட் மட்டும் வேண்டாம், தாழ்ந்த ஒலியில் அது வசனத்தையே மூடிவிடும். காகிதப் பொட்டலம் மடித்துக் கொடுங்கள்.

மார்ச் 2

ஜெனரேட்டரை மண்டபத்துக்குப் பின்னால், சுவர் மறைவில் வையுங்கள். நீளமான கேபிள் என்னிடம் இருக்கிறது, தருகிறேன். பேரவை அனுமதி வந்ததும் சொல்லுங்கள், சட்டம் கட்ட நானும் ஆரல்வாய்மொழிக்காரரும் முந்தின நாளே வந்துவிடுகிறோம். கயிறு நிறைய இருக்கிறது. வீட்டில் பழைய சைக்கிள் டியூப் வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடாமல் பங்கு அலுவலகத்தில் கொடுத்து வைக்கவும்.